புக்கர் வாஷிங்டன் வரலாறும் தொழிற்கல்வியும்

மக்களைப் பெற்றார் யாவர்க்கும் பெருங்கவலை ஒன்றுண்டு. கற்று முடித்தபின் இவர்கள் எங்ஙனம் பிழைப்பர் என்பதே அது. முன்னாளில் தந்தை செய்த தொழிலை மைந்தன் கைக்கொண்டான். ஆதலின் அக்கவலை அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. இந்நாளிலோ நம் இல்லந்தோறும் பட்டம் பெற்ற இளைஞரும் பெண்மக்களும் உளர். பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய வீடுகளும் பல. ஆயினும் வேலை கொடுப்போர் வாயிலிற் சென்று நின்று, செய்யத் தெரிந்தது யாதென்று வினவப்படுங்கால், விடைகூற மாட்டாது தயங்குவோர் தொகை சிறிதன்று. ஏட்டிலுள்ளதை ஒப்பிக்கும் வன்மை வேறு. ஒரு வேலையை ஏற்றுக் குறித்த காலத்தில், மேற்பார்ப்பார் இல்லாதவிடத்தும், செவ்வனே முடிக்கும் வன்மை வேறு. இவ்விரண்டாம் வன்மையை ஒரு பெருங்கூட்டத்தார்க்கு உண்டாக்குதலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரது வரலாற்றை, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி, ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் தலைவராய் விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன் என்பார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய விர்ஜீனியாவில், ஹேல்ஸ் போர்டு என்னும் சிற்றூர்க்கு அருகே, பர்ரோஸ் என்னும் வெள்ளையரது புகையிலைத் தோட்டத்தில் 1856-ஆம் ஆண்டு வாஷிங்டன் பிறந்தார். அவர் அன்னையாராகிய ஜேன் என்பவர் அத்தோட்டத்தில் சமையல் செய்த அடிமை. அடிமையின் வயிற்றிற் பிறந்த மகவும் அடிமையே என்பது அக்காலத்து அந்நாட்டுச் சட்டம். தந்தை யாரோ ஒரு வெள்ளையர் என்பதன்றி, அவர் பெயரைத்தானும் வாஷிங்டன் அறிந்தாரல்லர். தோட்டக்காரர் 1861-இல் இறந்தபின் அவர் உடைமைகளுக்கு ஒரு பட்டியல் எடுக்கப்பட்டது. அப்பட்டியலில் மாடுகளோடும் ஏர்களோடும் ஒருங்கு எழுதப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் புக்கருக்கு இட்ட விலை 400 டாலர். ஒரு மனிதனுக்கு விலையிட்ட அக்காலத்தில் அவனுக்குக் கல்வியைக் கொடுப்பார் யாவர்? எசமானர் வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்து பள்ளிக்கூட வாயில் வரையிற் செல்லுதலும், வெளியே நின்று உள்ளே நோக்குதலுமே அவர்க்குக் கிடைத்த கல்வியாயிருந்தன.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது; அடிமைகள் விடுதலை பெற்றனர். அன்னையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு, மேற்கு விர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊரிலிருந்த கணவரிடம் சென்றார். அவ்வூர் உப்புக் காய்ச்சும் உலைகள் நிறைந்தது. சிறிய தந்தையார் சிறுவர்களையும் அவ்வுலைகளில் வேலைக்கு விட்டார். விடியற்காலம் நான்கு மணிக்கே வேலை தொடங்கும். ஒவ்வொருவரும் நிரப்பிய உப்புப் பீப்பாய்களின்மேல் அவரவர்க்குரிய எண்ணைக் குறித்தல் வழக்கம். சிறிய தந்தையார்க்குரிய எண் 18. நாள்தோறும் அதனைக் கண்டு கண்டு, வேறெந்த எழுத்தையும் அறியாமுன்னரே வாஷிங்டன் 18 என்னும் எண்ணை எழுதப் பழகினார். பள்ளிக்கூடத்தில் அன்று, வேலைக்களத்தில் அவர் கற்ற முதற்பாடம் இதுவாம்.

அன்னையார்க்கு எழுத்தறிவில்லை. எனினும் மைந்தன் ஆவலைக் கண்டு, எங்கோ முயன்று ஓர் எழுத்துப் புத்தகம் தேடிக் கொணர்ந்தார். பின்னர் அவ்வூரில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. உலையில் வேலை செய்து பின் பள்ளிக்குச் செல்லுதலும், மீண்டு வந்து வேலை செய்தலுமாகச் சிறுவர் காலங்கழித்தார். பள்ளியில் ஆசிரியர் பெயர் கேட்டபொழுது ஏனையோர்க்கு இரண்டு பெயர்கள் இருத்தலையும் தமக்கு ஒன்றே இருத்தலையும் கண்டு, தாமே வாஷிங்டன் என்னும் பெயரைச் சேர்த்துக் கூறினார். பெயரையும் தாமே ஈட்டிக்கொண்டவர் அவர்.

தூய்மையென்னும் பாடம்

உப்புலையை விட்டுச் சிலகாலம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருளில் உழைத்தபின், உப்புலைக்கும் சுரங்கத்திற்கும் உரியவரான ரப்னர் என்னும் படைத்தலைவர் வீட்டில் அவர் பணியாளாய் அமர்ந்தார். மாதச் சம்பளம் 5 டாலர். வீட்டம்மையாராகிய வயோலா ரப்னர் மிகக் கண்டிப்பானவர் என்றும், இரண்டு மூன்று வாரங்கட்கு மேல் எவரும் அவரிடம் தங்கியதில்லை என்றும் ஊரார் அஞ்சினர். வாஷிங்டனும் அச்சத்தோடேயே சென்றார். சில நாட்களில் அவ்வம்மையார் வேண்டுவன யாவை என்பது அவர்க்கு விளங்கிற்று. இடம் தூயதாயிருத்தல் வேண்டும். சொன்ன வேலை சொன்ன நேரத்தில் முடிதல் வேண்டும். பொருள் அதனதன் இடத்தில் இருத்தல் வேண்டும். பொய்யும் மழுப்பலும் கூடா. இவை கொடுமையல்ல, ஒழுங்கே என்று உணர்ந்தபின் அச்சம் நீங்கியது. கீழே கிடக்கும் ஒரு துண்டுக் காகிதத்தையும், வேலியிற் பெயர்ந்த ஒரு பலகையையும் கண்டால் உடனே சீர்செய்யாது மேற்செல்ல மாட்டாத இயல்பு அவர்க்கு அங்கே அமைந்தது. அவ்வீட்டிற் பெற்ற பயிற்சியைப் பிற்காலத்துப் பெற்ற எக்கல்விக்கும் குறைந்ததாக அவர் எண்ணவில்லை.

ஹாம்ப்டன் பரீட்சை

சுரங்கத்தில் உழைத்த நாளில், கறுப்பின மாணவர்க்கென ஒரு பெரிய பள்ளி உண்டென்றும், பொருளில்லாதார் அங்கே வேலை செய்து கற்கலாமென்றும் இரு தொழிலாளர் தமக்குள் பேசக் கேட்டிருந்தார் வாஷிங்டன். அது விர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்னுமிடத்தில் ஆம்ஸ்ட்ராங் என்னும் படைத்தலைவர் 1868-இல் நிறுவிய பள்ளியாகும். 1872-இல், தம் பதினாறாம் வயதில், அதனை நாடிப் புறப்பட்டார். இடைத்தூரம் ஏறத்தாழ 500 மைல். கையிலிருந்த பொருள் வழியிலேயே தீர்ந்தது. ரிச்மண்டு நகரில் தங்க இடமின்றிப் பலகையாலமைந்த நடைபாதையின் அடியில் இரவு உறங்கினார். பகலில் கப்பலினின்று இரும்புக் கட்டிகளை இறக்கிக் கூலி பெற்றார். இங்ஙனம் பல நாள் உழைத்து ஹாம்ப்டனை அடைந்தபொழுது அவர் கையில் எஞ்சியது 50 சென்ட், அஃதாவது அரை டாலர்.

அழுக்கடைந்த உடையும் வாடிய முகமுமாய் வந்து நின்ற இளைஞரைச் சேர்ப்பதா விடுவதா என்று தலைமை ஆசிரியையான மேரி மக்கி என்பவர் உடனே முடிவு செய்தாரல்லர். பிறர் பலர் சேர்க்கப்படுதலைக் கண்டும், பல மணிநேரம் வாஷிங்டன் பொறுத்திருந்தார். பின்னர் அவ்வாசிரியை அடுத்த வகுப்பறையைப் பெருக்கும்படி அவரைப் பணித்தார். வாஷிங்டன் அவ்வறையை மும்முறை பெருக்கினார். நான்கு முறை துணிகொண்டு துடைத்தார். இருக்கைகளை நகர்த்தி மூலை முடுக்குகளையும் தூய்மை செய்தார். ஆசிரியை வந்து தம் கைக்குட்டையால் சுவரின் மரப்பலகையையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். அதில் தூசியின் சுவடும் படியவில்லை. வாஷிங்டன் சேர்த்துக்கொள்ளப்பட்டார், பள்ளியறைகளைக் காத்துப் பேணும் வேலையும் அவர்க்கே தரப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் பணிவிற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். நாம் அதில் வேறொன்று காண்கின்றோம். அவ்வாசிரியை வினாத்தாள் கொடுத்திலர், நற்சான்று கேட்டிலர். ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்யும் முறையைக் கொண்டு ஆளை அளந்தார். வாஷிங்டனும் அன்று திடுமெனத் திறமை பெற்றாரல்லர். ரப்னர் வீட்டில் நாள்தோறும் பழகியது அன்று கைகொடுத்தது. தேர்வு நாளில் வெளிப்படும் ஆயத்தம் பன்னாட் பழக்கத்தின் விளைவென்பதை நம் மாணவர் உணர்வாராக.

ஹாம்ப்டனில் நூற்கல்வியோடு நாகரிக வாழ்வின் சிறு முறைகளும் கற்பிக்கப்பட்டன. குறித்த வேளையில் உண்ணல், நீராடல், பல் துலக்கல் முதலியன அவர்க்குப் புதியன. படுக்கையில் இரண்டு விரிப்புகள் இருக்கக் கண்டு, முதல்நாள் இரவு இரண்டன் அடியிலும், மறுநாள் இரவு இரண்டன் மேலும் படுத்து, மூன்றாம் நாளிற் பிறரைப் பார்த்தே அவற்றின் பயனை அறிந்தார். அறியாமை இழிவன்று; பார்த்துக் கற்க மறுத்தலே இழிவு. 1875-இல் அப்பள்ளியிற் கற்றுத் தேறி, மால்டனுக்கு மீண்டு ஆசிரியரானார்.

1879-இல் ஆம்ஸ்ட்ராங் அவரை ஹாம்ப்டனுக்கே ஆசிரியராக அழைத்தார். பொருளில்லாத மாணவர் பகலிற் பத்து மணிநேரம் உழைத்து, இரவில் இரண்டு மணிநேரம் கற்கும் இரவுப் பள்ளி ஒன்று அங்கே தொடங்கப்பட்டு, அவர் பொறுப்பில் விடப்பட்டது. ஆடவர் மரம் அறுக்கும் ஆலையிலும், மகளிர் சலவைச் சாலையிலும் உழைத்தனர். உழைத்துக் களைத்தும் அம்மாணவர் விளக்கணைக்கும் மணி அடிக்குங்காறும் நூலை விடாதிருந்தமை கண்டு, தம் வாழ்வின் வழி இதுவென அவர் துணிந்தார்.

டஸ்கீகி பள்ளியின் தோற்றம்

தென்பகுதியில் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்னும் சிற்றூர் உளது. அங்கே லூயிஸ் ஆடம்ஸ் என்னும் கறுப்பினத்தார் ஒருவர் இருந்தார். அடிமையாயிருந்தபொழுதே தகரவேலையும் செருப்புத் தைத்தலும் குதிரைச் சேணம் செய்தலும் கற்றவர். தம் இனத்தாரிடைச் செல்வாக்குடையவர். 1880-இல் சட்டசபைக்கு நின்ற வெள்ளையர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்குகளை வேண்டி அவரை அடுத்தார். ஆடம்ஸ் தமக்கென யாதும் கேட்டிலர். தம் மக்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று கேட்டார். வென்றவர் சொல் தவறவில்லை. சட்டசபை ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதனை மீட்டும் கூறுவோம்.

ஆம்ஸ்ட்ராங்கின் பரிந்துரையால் வாஷிங்டன் தலைவராக வந்தார். வந்து நோக்கினால், ஒதுக்கிய பணம் ஆசிரியர் சம்பளத்திற்கு மட்டுமே உரியது, நிலமுமில்லை, கட்டடமுமில்லை. 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், ஒழுகும் கூரையையுடைய குடிசையொன்றில், 30 மாணவரோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்யுங்கால் ஒரு மாணவர் எழுந்து ஆசிரியர் தலைக்குமேல் குடை பிடிக்க, அவர் பாடங்கேட்பார்.

பள்ளி தொடங்குமுன் அவர் ஒரு திங்கள் அளவும் சுற்றுப்புறச் சிற்றூர்களிற் சென்று மக்கள் வாழ்வை நேரிற் கண்டார். ஓரில்லத்தில் உணவருந்தியபொழுது ஐவர்க்கும் இருந்த முட்கரண்டி ஒன்றே. அவ்வறையின் மற்றொரு மூலையிலோ, தவணை முறையில் 60 டாலர்க்கு வாங்கிய இசைப்பெட்டி ஒன்று கிடந்தது. மற்றோரில்லத்தில், உடையெல்லாம் எண்ணெய்க் கறையும், முற்றமெல்லாம் புதருமாயிருக்க, பள்ளியிற் பயின்ற இளைஞரொருவர் பிரெஞ்சு இலக்கணம் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கு வந்த மாணவருட் சிலர் வங்கிக் கணக்கும் வட்டக் கணக்கும் உருப்போட்டிருந்தனர். ஆனால் அவருள்ளும் அவர் அண்டை அயலாருள்ளும் வங்கியிற் பணம் வைத்தவர் பெரும்பாலும் ஒருவருமிலர். பிரெஞ்சு இலக்கணமும் வட்டக் கணக்கும் தீயவையல்ல. வாழ்வோடு பொருந்தாத கல்வி அணிகலனாம். கருவியாகாது என்பதே வாஷிங்டன் கண்டறிந்தது.

செங்கற் சூளை

ஊர்க்கு ஒரு மைல் அளவில், வீடு எரிந்துபோன பழைய தோட்டம் ஒன்று 500 டாலர்க்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளரிடம் கடன் பெற்று அதனை வாங்கினர். குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின. காட்டை வெட்டித் திருத்த மாணவரை அழைத்தபொழுது அவர்கள் முகஞ்சுளித்தனர். ஆசிரியராகக் கருதி வந்த எமக்குக் கோடரியா என்பது அவர் எண்ணம். வாஷிங்டன் மறுமொழி சொல்லாது தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். தலைவர் வெட்டுதலைக் கண்டு மாணவரும் பின்தொடர்ந்தனர். 20 ஏக்கர் அளவு திருத்திப் பயிரிட்டனர்.

கட்டடத்திற்குச் செங்கல் வேண்டும், ஊரிலோ சூளையில்லை. ஆதலின் மாணவரே மண் எடுத்து அறுத்துச் சுடத் தொடங்கினர். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் பிசைய வேண்டியிருந்தமையால், வெறுத்துப் பள்ளியை விட்டகன்றவரும் உளர். ஏறத்தாழ 25,000 கல் அடுக்கி மூட்டிய முதற்சூளை பழுதாயிற்று. இரண்டாவதும் பழுதாயிற்று. மூன்றாவது சூளை சுட்டு முடியுந்தறுவாயில் நள்ளிரவில் சரிந்து வீழ்ந்தது. கையிற் பொருளில்லை; ஆசிரியர் சிலர் விட்டுவிடுதலே நன்றென்றனர். வாஷிங்டன் தம் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகரத்து அடகுக் கடையில் 15 டாலர்க்கு வைத்து, நான்காம் சூளையை மூட்டினார். அது நன்கு சுட்டது. கடிகாரத்தைத் தவணைக்குள் மீட்க இயலவில்லை. அதற்காக அவர் பின்னும் வருந்தவில்லை. இருபதாண்டு கழிந்தபின் ஒரு பருவத்தில் அப்பள்ளி மாணவர் செய்த செங்கல் 12 லட்சம்.

இச்சூளையால் விளைந்த பயன் கட்டடம் மட்டுமன்று. பள்ளியை ஐயுற்றும் வெறுத்தும் இருந்த வெள்ளையர் நல்ல செங்கல் வேண்டி அங்கே வந்தனர். தமக்கு வேண்டியதொன்றை இவர்கள் செய்கின்றனர் என்று கண்டபின் கொடுக்கல் வாங்கல் உண்டாயிற்று. அதனால் ஓரளவு மதிப்பும் உண்டாயிற்று. சூளையைத் தொடர்ந்து கொல்லுலை, தச்சுக்களம், வண்டி செய்தல், மெத்தை தைத்தல், தையல், அச்சுக்கூடம் முதலியன ஒவ்வொன்றாக எழுந்தன. மாணவர் செய்த முதல் மேசை நாற்காலிகள் ஆடின, மெத்தைகள் முரடாயிருந்தன. அவற்றையே அவர்கள் பயன்படுத்தினர். தாம் செய்த பிழையின்மேல் தாமே உறங்கியவர் அடுத்த முறை திருத்திச் செய்தனர்.

எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. எம் மக்களைப் புத்தகம் கற்க அனுப்பினோம், உடலுழைப்பிற்கன்று என்று பெற்றோர் பலர் முறையிட்டனர். சிலர் நேரிலும் வந்து தடுத்தனர். இருநூறு ஆண்டிற்கு மேலாகச் சவுக்கின்கீழ் உழைத்த மக்கள், உழைப்பினின்று தப்புதலே விடுதலை என்று எண்ணியதில் வியப்பில்லை. வாஷிங்டன் அவர்களை இகழ்ந்தாரல்லர். ஊரூராய்ச் சென்று, அடிமையாய் உழைத்தலும் அறிவோடு உழைத்தலும் வேறென்பதை எடுத்துரைத்தார். கணக்கறிந்த தச்சனும், மண்ணின் இயல்பறிந்த உழவனும், இலக்கணம் மட்டும் அறிந்து வேலையின்றி இருப்பானின் மேலோர் என்பதை மெல்ல மெல்ல உணர்த்தினார்.

புகழும் பணியும்

அவரோடு உழைத்தவர் பலர். தொடக்கநாளில் ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை வீடுதோறுஞ் சென்று பொருள் திரட்டினார். அவரே பின்னர் வாஷிங்டனுக்கு வாழ்க்கைத் துணையுமாகி, 1889-இல் இறந்தார். கட்டடக் கலையைக் கல்லூரியிற் கற்றுத் தேர்ந்த ராபர்ட் டெய்லர் அங்கே வந்து மாணவரைக் கொண்டே மாளிகைகள் எழுப்பினார். பயிர் நூல் வல்லுநரான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் வந்து சேர்ந்தார். பள்ளிக்கு வர இயலாத உழவர்க்காக, 1906-இல், கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டியொன்று ஊரூராய்ச் செல்லத் தொடங்கியது. பள்ளியே உழவர் வாயிலுக்குச் சென்றதெனலாம். சிறு வணிகர் ஒருவர்க்கொருவர் துணைநிற்றற்கென 1900-இல் தேசிய வணிகர் கழகம் ஒன்றையும் அவர் நிறுவினார். ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகச் செல்வரோடு கூடி அவர் வித்திட்ட சிற்றூர்ப் பள்ளித் திட்டம், அவர்க்குப் பின்னும் வளர்ந்து, 1932-க்குள் 15 மாகாணங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளாயிற்று.

1901-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல் பல நாடுகளிற் பரவியது. காந்தியடிகளின் முயற்சியால் 1903-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தோன்றிய இந்தியன் ஒப்பீனியன் என்னும் பத்திரிகையில், அவ்வாண்டிலேயே வாஷிங்டன் வரலாற்றைக் காந்தியடிகள் வியந்தெழுதினார். அங்ஙனம் அவர் புகழ் நம்மவர் வாழ்ந்த இடத்திற்கும் எட்டிற்று.

மறுப்பும் அதன் உண்மையும்

இனி, இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறையாது கூறுதல் கடன். 1895-ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியில் வாஷிங்டன் ஓர் உரை நிகழ்த்தினார். கறுப்பின மக்கள் முதற்கண் உழவிலும் தொழிலிலும் வணிகத்திலும் தேர்ச்சி பெறுக. சமுதாயச் சமத்துவத்திற்காக இப்பொழுதே கிளர்ச்சி செய்தல் அறிவுடைமையன்று. பொருளீட்டித் தகுதி பெற்றார்க்கு உரிமை தானே வரும் என்பது அதன் சாரம். வெள்ளையர் பெரிதும் மகிழ்ந்தனர். செல்வர் பள்ளிக்கு வாரி வழங்கினர். ஆண்ட்ரூ கார்னகி 1903-இல் அளித்தது 6 லட்சம் டாலர். ஆனால் அதே ஆண்டில், பேரறிஞரான டூபாய்ஸ் என்பார் தம் நூலொன்றில் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இன்றித் தொழிற்றிறமை மட்டும் பெற்றவன், தான் ஈட்டியதைக் காத்துக்கொள்ளவும் வன்மையற்றவன் என்பது அவர் வாதம்.

நடந்தது யாது? அலபாமா மாகாணம் 1901-இல் புதிய அரசியற் சட்டம் இயற்றியது. வாக்களிக்கத் தக்க வயதினராய் 1,80,000-க்கு மேற்பட்ட கறுப்பின ஆடவர் இருந்த அம்மாகாணத்தில், 1903-இல் வாக்காளர் பட்டியலில் எஞ்சிய கறுப்பினத்தார் ஏறத்தாழ 3,000 பேரே. செங்கல் அறுத்தவரும் வீடு கட்டியவரும் நிலம் வாங்கியவரும் தம் உரிமையை இழந்தனர். கைத்தொழிலாளர் சங்கங்கள் பலவும் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுத்தமையால், நன்கு தேர்ந்த தச்சனும் வேலையின்றித் திரும்ப நேர்ந்தது. வாஷிங்டன் இதனை உணராதவரல்லர். வாக்குரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு அவர் வெளியறியாமற் பொருளுதவி செய்தார் என்பது அவர் இறந்து நெடுங்காலத்தின் பின் அவர் கடிதங்களால் வெளிப்பட்டது. மேடையிற் பொறுமை கூறியவர், மறைவில் வழக்காடினார்.

முன்னர் மீட்டும் கூறுவோம் என்ற செய்தியை ஈண்டு நினைவுகூர்வோம். டஸ்கீகி பள்ளி பிறந்தது எதனால்? ஒரு தகரவேலைக்காரர் தம் இனத்தாரின் வாக்குகளை மதிப்பறிந்து பயன்படுத்தியதனால் அன்றோ? தகுதி முன், உரிமை பின் என்று கற்பித்த பள்ளியே உரிமையின் குழந்தை. இதனை நினையுங்கால், வாஷிங்டன் கற்பித்த தொழிற்பயிற்சியில் குற்றமில்லை என்றும், அதனோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதிலேயே குறை உளதென்றும் நாம் கருதுகின்றோம். வேலை செய்யத் தெரிந்தவன் வாயிலிற் சென்று நிற்றற்குத் தகுதி பெறுகின்றான். அவ்வாயில் அவனுக்குத் திறத்தல் வேண்டும் என்று கேட்பதும் உடனிருந்தாலன்றி அத்தகுதி பாதி வீணாம்.

மற்றொரு மறுப்பும் உண்டு. டஸ்கீகியிற் பயிற்றிய கொல்லுவேலையும் சேணவேலையும் வண்டி செய்தலும், பொறிகளும் மோட்டார் வண்டிகளும் பெருகவே விரைவில் மங்கின எனப் பின்னாளைய வரலாற்றறிஞர் கூறுவர். இதுவும் மெய்யே. ஒரு தொழில் என்றும் நிலைப்பதில்லை. ஆனால் சேணம் தைக்கக் கற்றவன் அதனோடு கற்ற அளவறிதல், நேரந்தவறாமை, பழுது கண்டால் மீட்டும் செய்தல், கணக்கை ஒளியாது காட்டல் ஆகியவை எத்தொழிற்கும் உடன்வருவன. கருவி மாறினும் கைப்பழக்கம் மாறாது.

இறுதிக்காலம்

1915-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கு நகரில் வாஷிங்டன் நோயுற்றார். தென்னாட்டிற் பிறந்து வளர்ந்தோம், அங்கேயே இறத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இரயிலேறி டஸ்கீகி அடைந்தார். மறுநாட் காலை, 14-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில் உயிர்நீத்தார். குடிசையில் 30 மாணவரோடு தொடங்கிய பள்ளியில் அன்று ஏறத்தாழ 1,500 மாணவரும், 100-க்கு மேற்பட்ட கட்டடங்களும், 20 லட்சம் டாலரை அணுகிய மூலநிதியும் இருந்தன. அவரை அப்பள்ளி வளாகத்திலேயே, மாணவர் கட்டிய செங்கற் கல்லறையில் அடக்கம் செய்தனர். அடகு வைத்த கடிகாரத்தால் எழுந்த சூளை, அவர்க்கு இறுதி இல்லமும் கொடுத்தது.

நாம் செய்யத்தக்கன

அன்பர்களே, இவ்வரலாற்றினின்று நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கன சில உள. நூற்கல்வியைக் குறைத்தல் வேண்டுமென்று யாம் கூறேம். டூபாய்ஸ் கூறிய உயர்கல்வியும் நம் மக்களுக்கு வேண்டும். ஆனால் எத்துறையிற் கற்பினும், பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு வேலைக்களத்தில் நின்று பழகாத பிள்ளை நம் இல்லங்களில் இருத்தலாகாது. கடையும் பட்டறையும் அலுவலகமும் உடைய நம் உறுப்பினர், ஆண்டுதோறும் இரண்டொரு மாணவரையேனும் சேர்த்து, சிறிதாயினும் கூலி கொடுத்துப் பழக்குவாராக. கூலியின்றி ஏவல் கொள்ளுதல் பயிற்சியன்று. ஒரு விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுதுதல், அயலார்முன் நடுக்கமின்றித் தன் திறனைக் கூறுதல், ஒரு நாட் கணக்கை அன்றே முடித்தல், தெரியாததைத் தெரியாதென்று கூறிக் கேட்டறிதல் ஆகிய இவற்றை மூத்தோர் மாலை நேரங்களில் இளையோர்க்குக் கற்பித்தல் கூடும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்மக்கட்குச் செய்வதைப் பெண்மக்கட்கும் செய்க. ஹாம்ப்டன் இரவுப் பள்ளியில் இருபாலாரும் ஒருங்கே உழைத்துக் கற்றனர்.

இன்னொன்றும் கூறி அமைவோம். வேலை கேட்டு நம் வாயிலுக்கு வருவோருள் நம் உறவினர் அல்லாதாரும் இருப்பர். அவர்கள் பிறப்பையும் ஊரையும் வினவாது, மேரி மக்கி அம்மையார் செய்தவாறு ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்போமாக. நம் மக்கட்குப் பிறர் அங்ஙனம் செய்தல் வேண்டுமென்று விரும்பும் நாம், பிறர் மக்கட்கும் அதனையே செய்தல் முறை.